சின்ன வயதுப் பித்தை வளர்ந்த பிறகும் விடாமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சின்ன வயதில் ஒன்றின் மேல் பித்தாக இருந்தவர்கள் பெரியவர்களான பிறகு இரண்டு வகையாகப் பிரிகிறார்கள். சிலர் அதை எப்படியோ இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு வருடம் அது தேய்ந்துகொண்டே போவது அவர்களுக்கே தெரிகிறது. மற்றவர்கள் எப்போதோ விட்டுவிட்டவர்கள். யாராவது வரைவதையோ வாசிப்பதையோ பார்க்கும்போது மட்டும் அவர்கள் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இந்த வழிகாட்டி இரண்டு தரப்புக்கும்தான்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் காரணம், நேரமில்லை. அது பொய்யில்லை. ஆனால் நேரம் கிடைத்த நாளிலும் கை அந்தப் பக்கம் போவதில்லையே! நான் பார்த்த வரையில் காரணம் வேறு. குழந்தையாக இருந்தபோது அந்தக் காரியத்திடம் நாம் எதையும் கேட்கவில்லை. வளர்ந்த பிறகு நிறையக் கேட்கிறோம்: நன்றாக வருகிறதா, இதனால் என்ன பிரயோஜனம், இவ்வளவு நாள் செய்தும் எங்கே போய்ச் சேர்ந்தோம். இத்தனை கேள்விகளுக்கும் பதில் சொல்லி மாளாமல் ஆசை படுத்துவிடுகிறது.

கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே. உங்களை அன்று பிடித்து உட்கார வைத்த அந்தச் செயல் எது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு முதலில் இடம் கொடுங்கள். திறமையும் பெயரும் பணமும் வந்தால் வரட்டும்.

படி 1: துறையைத் தேடாதீர்கள், செயலைத் தேடுங்கள்

"எனக்குச் சின்ன வயதில் ஓவியம் பிடிக்கும்" என்பது துறையின் பெயர். அதை வைத்துக்கொண்டு எதையும் தொடங்க முடியாது. ஓவியத்தில் என்ன செய்தீர்கள்? இருக்கும் படத்தை அச்சு அசலாகப் பார்த்து வரைந்தீர்களா? இல்லாத ஊர்களுக்கு வரைபடம் போட்டு ஆறு, மலை, கோட்டை எல்லாம் வைத்தீர்களா? கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் நிரப்பும் அந்த நிதானம் பிடித்திருந்ததா? மூன்றும் மூன்று வேறு ஆசைகள். இரண்டாவது வகைக் குழந்தை வளர்ந்து, ஓவிய வகுப்பில் சேர்ந்து, பழக்கூடையைப் பார்த்து வரையச் சொன்னால் ஒரே மாதத்தில் நின்றுவிடும். அதற்குப் பிடித்தது ஓர் உலகத்தைக் கட்டுவது. பென்சில் அதற்குக் கையில் கிடைத்த கருவி, அவ்வளவுதான்.

சதுரங்கமும் அப்படியே. எதிராளியை வெல்வது ஒருவருக்கு இன்பம். மூன்றே நகர்த்தலில் முடிக்க வேண்டிய புதிரோடு தனியாக மல்லுக்கட்டுவது இன்னொருவருக்கு. கிரிக்கெட் பைத்தியமாக இருந்த பலருக்கு விளையாடுவதை விட ஸ்கோர் எழுதுவதில்தான் உயிர் இருந்திருக்கும். அவர்கள் மட்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் ஒரு மாலை நேரமும் போதும். "எனக்கு என்ன பிடிக்கும்" என்று எழுதாதீர்கள். அது இன்றைய ஆளின் பதிலாக வரும். காட்சிகளை எழுதுங்கள். யாரும் சொல்லாமல் நீங்களாக என்ன செய்தீர்கள், எங்கே உட்கார்ந்து, கையில் என்ன வைத்துக்கொண்டு, தனியாகவா யாருடனா? யார் வந்து கூப்பிட்டபோது எரிச்சல் வந்தது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சாப்பிடக் கூப்பிட்டும் காது கேட்காமல் எதில் மூழ்கியிருந்தீர்களோ, தேடுவது அங்கேதான் இருக்கிறது. உடன்பிறந்தவர்களிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள். நமக்கு மறந்துபோனது அவர்களுக்குத் தொந்தரவாக நினைவிருக்கும்.

சிம்பன்ஸி ஆய்வாளர் ஜேன் குடால் நாலைந்து வயதில் கோழிக்கு முட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கோழிக்கூண்டுக்குள் மணிக்கணக்கில் ஒளிந்திருந்தார். குழந்தையைக் காணோம் என்று வீடே தேடியது. 1960-ல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டுக்குப் போய்ச் சிம்பன்ஸிகளைக் கவனிக்கத் தொடங்கியபோது அவை அவரைக் கண்டாலே மாதக்கணக்கில் ஓடின. அவர் தூரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். கோழி போய்ச் சிம்பன்ஸி வந்தது, ஆனால் செயல் மாறவே இல்லை: அசையாமல் உட்கார்ந்து, ஓர் உயிர் என்ன செய்கிறது என்று அது பழகும் வரை பார்ப்பது. உங்கள் நோட்டில் தேட வேண்டியது இந்த மாதிரி ஒரு வாக்கியம். அதில் துறையின் பெயர் வரக்கூடாது; வினைச்சொல் இருக்க வேண்டும். "ஒரே மாதிரி இருப்பவற்றில் வேறுபாடு கண்டு பிரித்து அடுக்குவது." "உடைந்ததைப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டுவது." "காதில் கேட்ட பாட்டை நானாகக் கண்டுபிடித்து வாசிப்பது."

படி 2: எதனால் நின்றது?

மருந்து நோய்க்கு ஏற்ப மாறும் என்பதால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பலருக்கு வரைவது ஒன்பது, பத்து வயதுவாக்கில் நிற்கிறது. அதுவரை யானை என்று சொல்லி எதை வரைந்தாலும் மனசு ஒப்புக்கொண்டது. அந்த வயதில் கண் கூர்மையாகிறது. வரைந்தது உண்மை யானை போல இல்லை என்று தெரிந்துவிடுகிறது. கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. "எனக்கு வரைய வராது" என்ற முடிவு அங்கே பிறந்து வாழ்நாள் முழுக்கக் கூடவே வருகிறது. இவர்களுக்குக் குறைந்தது ஆசையில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தால் போதும்.

இன்னொரு கூட்டம் பரிசாலும் சான்றிதழாலும் விட்டவர்கள். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை இங்கே பொருந்தும். தாமாகவே ஆசையாக வரையும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழு மற்றக் குழுக்களை விடப் பாதி நேரம்தான் வரைந்தது. பரிசு தீமையானது என்று இதற்கு அர்த்தமில்லை; எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஒன்றும் குறையவில்லை. "இது வந்தால்தான் அதைச் செய்வேன்" என்ற கணக்கு மனசில் ஏறிவிட்டதுதான் கெடுத்தது. கிரேடு தேர்வு, போட்டி, மேடை என்று ஓடி ஓடி வெறுத்துப்போய் வாத்தியத்தை மூடி வைத்தவர் என்றால், திரும்ப வரும்போது இன்னொரு தேர்வுக்குப் பெயர் கொடுக்காதீர்கள். குறைந்தது ஒரு வருடம், கேட்பதற்கு ஆளே இல்லாமல் வாசியுங்கள்.

யாரோ ஒருவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையில் நின்றுபோனவர்களும் உண்டு. அந்த வார்த்தை ஒரு சின்னப் பிள்ளையின் வேலையைப் பார்த்துச் சொன்னது. அதன் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது.

கூட்டாளி போனதால் நின்றது, இடம் மாறியதால் நின்றது, பொருள் தொலைந்ததால் நின்றது என்பவை எளிதான காரணங்கள். எது இல்லாமல் போனதோ அதைத் திரும்பக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

படி 3: திரும்பத் தொடங்கும் முதல் மாதம்

நிறையப் பேர் இரண்டாவது முறையாகவும் கடைசியாகவும் விடுவது இந்த மாதத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புல்லாங்குழலை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூட வயதில் சரளமாக வாசித்தவர், இருபது வருடம் கழித்து எடுத்து உதட்டில் வைக்கிறார். முதலில் வருவது சுரம் இல்லை, காற்று. உதட்டைச் சுற்றியிருக்கும் சின்னத் தசைகள் பழக்கம் விட்டுப்போய், காற்றை ஒரு கோடாகக் குவிக்க முடிவதில்லை. விரல் துளையை மூடியது போலத்தான் தெரியும். ஓரத்தில் இம்மியளவு இடைவெளியில் ஒலி கசியும். ஐந்து நிமிடத்தில் தலை லேசாகச் சுற்றும், ஏனென்றால் வீணாகும் காற்றை ஈடுகட்ட அதிகமாக ஊதுகிறார். இவ்வளவும் உடம்பு சம்பந்தப்பட்டது, பயிற்சியில் சரியாகிவிடும். உண்மையான ஆபத்து காதில் இருக்கிறது. இந்த இருபது வருடத்தில் அவர் எத்தனையோ மேதைகளைக் கேட்டிருக்கிறார். கை பன்னிரண்டு வயதில் நின்றுவிட்டது, காது மட்டும் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. அந்தக் காது இந்த வாசிப்பைக் கேட்டு முகம் சுளிக்கும். "நமக்கெல்லாம் இனிமேல் ஒத்துவராது" என்று குழல் மறுபடி பெட்டிக்குள் போகும்.

இந்த இடைவெளி எல்லாக் கலைகளிலும் உண்டு, எல்லாருக்கும் உண்டு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி வலி குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு:

முதல் சில நாள் பாட்டே வேண்டாம். ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதுங்கள், கண்ணாடி முன்னால் நின்று உதடு குழலில் எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டு. தலை சுற்றினால் குழலை வைத்துவிட்டு உட்காருங்கள். பத்து நிமிடம் போதும். இன்னும் கொஞ்சம் வாசிக்கலாமே என்று தோன்றும்போதே நிறுத்துவது நல்லது. மறுநாள் கை தானாகப் போகும். பிறகு சின்ன வயதில் முதன்முதலாகக் கற்ற மிக எளிய பாட்டுக்குப் போங்கள். கடைசியாக வாசித்த கடினமான பாட்டை எடுக்காதீர்கள். அதில் தடுக்கி விழுவது நிச்சயம்.

வரைபவர் என்றால் இதற்குச் சமமானது உங்கள் இடது கை (இடக்கைக்காரர் என்றால் வலது கை). மேசை மேல் வைத்து, அதன் ஓரக்கோட்டை மட்டும் பின்தொடர்ந்து மெதுவாக வரையுங்கள். தாளைப் பார்ப்பதை விடக் கையை அதிகம் பாருங்கள். படம் கோணலாகத்தான் வரும். நகத்தின் ஓரத்தில் கண் ஊர்ந்துபோகும் அந்த மெதுவான கவனம்தான் திரும்பி வர வேண்டியது.

இந்த மாதத்தில் பதிவு செய்யாதீர்கள், படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். நல்லெண்ணத்தோடு சொல்லும் "சூப்பர்" கூட, யாரோ மதிப்பெண் போடுகிறார்கள் என்ற உணர்வைக் கொண்டுவந்துவிடும். புதிய கருவியும் வாங்காதீர்கள். விலை உயர்ந்ததை வாங்கிவிட்டால், வாங்கிய பணத்துக்கு நியாயம் செய்ய வேண்டும் என்ற கடன் தலையில் ஏறும். பழையது ரிப்பேர் என்றால் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் இரவல் வாங்குங்கள்.

ஆறுதலான விஷயம் ஒன்று. ஒரு முறை கற்றது முழுசாக அழிந்துபோவது அரிது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்ட ஆய்வில், அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி கற்றுக் கணக்கெடுத்தார். அடியோடு மறந்துவிட்டது போலத் தோன்றுவதும் இரண்டாம் முறை கற்கும்போது குறைந்த நேரத்தில் வந்துவிடுகிறது என்பதை அவர் காட்டினார். புதிதாகத் தொடங்குபவருக்கு இல்லாத அனுகூலம் உங்களுக்கு இருக்கிறது. முதல் மாதத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

படி 4: நேரம் ஒதுக்குவதில் இரண்டு வகை

"தினமும் பத்து நிமிடம்" என்ற அறிவுரை பாதிப் பேருக்குத்தான் பொருந்தும். எல்லாருக்கும் அதையே சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வாத்தியம், வரைதல், மொழி, சதுரங்கப் புதிர் போன்றவை சிறு துண்டுகளில் வளரும். இவற்றுக்குத் தினசரிப் பழக்கம் சரி. ஏற்கனவே நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள்: காலைத் தேநீர் முடிந்ததும், குழந்தை தூங்கியதும், வேலையிலிருந்து வந்து உடை மாற்றியதும். "மாலையில் நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் அந்த மாலை வரவே வராது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரிடம் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் பழக்கமாக மாற நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் ஒட்டிவிடும் என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பி, 22-ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று மனசு உடைய வேண்டாம். நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

பொருளைக் கண்ணில் படும்படி வையுங்கள். பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, எடுத்து வெளியே வைப்பதற்குள் அந்தப் பத்து நிமிடம் போய்விடும்.

இரண்டாவது வகை, துண்டு போட முடியாதது. விண்மீன் பார்ப்பவரின் கண் இருட்டுக்குப் பழகவே 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. பறவை பார்ப்பது, மர வேலை, மலையேற்றம், பெரிய ஓவியம் எல்லாம் இந்த இனம். இவர்கள் தினசரிக் கணக்கில் தங்களை அளந்து குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு முழு மாலைகளோ ஒரு நாளோ போதும். ஆனால் அது காலண்டரில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும், கல்யாணத்துக்கும் மருத்துவருக்கும் கொடுக்கும் மரியாதையோடு. இடைப்பட்ட நாட்களில் சின்னச் சின்னத் தயாரிப்புகள் செய்யலாம்: அடுத்த முறை என்ன பார்ப்பது என்று குறித்து வைப்பது, உளியைத் தீட்டுவது. ஆசை சூடு ஆறாமல் இருக்க அது உதவும்.

படி 5: வீட்டில் பேசுங்கள்

"எனக்கென்று கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் அது புகாராகவே காதில் விழும். எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அந்த நேரத்தில் வீட்டு வேலையில் எதை யார் பார்ப்பது என்று தெளிவாகக் கேளுங்கள். கூடவே, வாழ்க்கைத் துணைக்கும் அதே அளவு நேரம் அவரவர் ஆசைக்கு ஒதுங்க வேண்டும். ஒருவர் ஆசை உயிரோடு இருக்க இன்னொருவர் ஆசை மண்ணாகப் போவது நியாயமில்லை. அப்படி வாங்கிய நேரம் நிலைப்பதும் இல்லை.

படி 6: வடிவம் மாறட்டும்

சின்ன வயதில் இருந்த வடிவத்திலேயே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துத்தான் பலர் இழக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஆன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் சிறுமியாக இருந்தபோது பழச்சாற்றை வண்ணமாக வைத்து வரைந்தவர். பிறகு பண்ணை வேலை, குழந்தைகள், வீடு. வயதான பிறகு நூலால் காட்சிகளைத் தைத்தார். மூட்டுவாதம் வந்து ஊசி பிடிப்பது வலித்தது. தூரிகை பிடிப்பது சுலபமாக இருக்கும் என்று எழுபதுகளின் பிற்பகுதியில் ஓவியத்துக்கு மாறினார். 1940-ல் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி நடந்தது. 1961-ல் 101 வயதில் மறைந்தார். உலகம் அவரைக் கிராண்ட்மா மோசஸ் என்று அறிகிறது. பழச்சாறு, நூல், எண்ணெய் வண்ணம் என்று கருவி இரண்டு முறை மாறியது. தன் கண்ணில் பட்ட ஊரை ஒரு பரப்பில் நிரப்புவது மாறவில்லை.

நாற்பதுகளில் பலருக்கு அருகில் இருப்பது மங்கும். சின்னத் தபால்தலையையோ நுண்ணிய தையலையோ விட்டுவிட இது காரணமில்லை. சரியான கண்ணாடி, விளக்கோடு கூடிய உருப்பெருக்கி என்று வழி இருக்கிறது. வயதில் வேகம் குறைந்த கால்பந்தாட்டக்காரர் நடுவராகலாம், சிறுவர்களுக்குப் பயிற்சி தரலாம். சுவருக்கு அப்பால் ஆள் இருக்கும் குடியிருப்பில் டிரம்ஸ்காரர் ரப்பர் தட்டில் பயிற்சி செய்யலாம். ஆனால் மாற்றும்போது முதல் படியில் எழுதிய வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். கால்பந்தில் உங்களுக்குப் பிடித்தது ஓட்டமும் வியர்வையும் என்றால் நடுவர் வேலை சரி. கூட்டாளியின் கண்ணைப் பார்த்துப் பந்தைத் தட்டிவிடுவது என்றால் அது பத்தாது, மெதுவான ஆட்டத்துக்கு ஒரு குழுவைத் தேட வேண்டும்.

வேகமும் மாறலாம். அலெக்சாண்டர் பொரோடின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். வேதியியலும் இசையும் இரண்டுமே சிறுவயது ஆசைகள். ஆய்வுக்கூடம், மாணவர்கள் எல்லாம் போக மிஞ்சிய நேரத்தில்தான் இசை எழுதினார். 1869-ல் தொடங்கிய ஓர் இசை நாடகம் 1887-ல் அவர் இறந்தபோதும் முடியவில்லை; நண்பர்கள் முடித்துவைத்தார்கள், இன்றும் மேடையேறுகிறது. பதினெட்டு வருடம் ஒரே வேலை கையில் இருந்ததைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. அத்தனை வருடமும் அவருக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது.

படி 7: பணமாக்கலாமா?

நீங்கள் கொஞ்சம் நன்றாகச் செய்ய ஆரம்பித்ததும் யாராவது கேட்பார்கள்: "இவ்வளவு நல்லா பண்றீங்க, விக்கலாமே?" அன்பாகத்தான் கேட்கிறார்கள்.

என் கருத்து: செய்யலாம், ஆனால் ஒரு பகுதிக்கு வேலி போட்டுவிட்டு. விற்பனைக்கு வந்த கணமே அந்தச் செயலுக்குள் மூன்றாவது ஆள் நுழைகிறார். அவருக்கு எந்த நிறம் பிடிக்கும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது உங்கள் கவலையாகிறது. இது தொழில், தொழிலில் தவறொன்றும் இல்லை. ஆனால் முதல் படியில் கண்டுபிடித்த அந்தச் செயலை யாருக்கும் விற்காமல், யாரும் பார்க்காமல் செய்ய ஒரு நோட்டு, ஒரு நாள், ஒரு மூலை தனியாக இருக்க வேண்டும்.

ஆசையே முழுநேர வேலையாகிவிட்டவர்களுக்கு இது இன்னும் அவசியம். சிறுவயதில் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்து, ரேடியோ ரிப்பேர் செய்து வளர்ந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது தனக்குள் எல்லாம் வற்றிவிட்டது என்று உணர்ந்தார். முக்கியமானதைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டு, முன்பு போல விளையாட்டாக இயற்பியல் செய்வது என்று முடிவெடுத்தார். உணவகத்தில் ஒருவர் தூக்கிப்போட்ட தட்டு தள்ளாடிக்கொண்டே சுழல்வதைப் பார்த்து, எந்தப் பயனும் கருதாமல் அதன் கணக்கைப் போட ஆரம்பித்தார். அந்த விளையாட்டு அவரை எலக்ட்ரானின் கணக்குகளுக்கே திரும்ப இழுத்துப் போனது. அந்தத் துறைப் பணிக்கு 1965-ல் நோபல் பரிசு கிடைத்தது. வேலையில் வற்றிப்போனவர் வாரத்தில் ஒரு மணி நேரமாவது, யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒன்றைத் தன் துறையிலேயே செய்து பார்க்கலாம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. கனடா உளவியலாளர் ராபர்ட் வாலராண்டும் சக ஆய்வாளர்களும் 2003-ல் பித்தை இரண்டாகப் பிரித்தார்கள்: வாழ்க்கையின் மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போவது, ஆளையே ஆட்டிப்படைப்பது. உங்களுடையது எது என்று பார்க்க எளிய வழி, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த முடிகிறதா என்பதுதான். செய்யும்போது மகிழ்ச்சியே இல்லாமல், செய்யாவிட்டால் பதற்றம் மட்டும் வருகிறது, தூக்கமும் உறவும் பணமும் கரைகின்றன என்றால், அளவைக் குறைக்க வேண்டும். ஆசையைக் காப்பாற்ற அதுவும் ஒரு வழி.

படி 8: மனிதர்களைச் சேருங்கள்

முதல் மாதம் தனிமை நல்லது என்றேன். அதற்குப் பிறகு, ஒரே ஒரு ஆளாவது வேண்டும். பாராட்டுவதற்காக இல்லை, "அந்தக் கறுப்பு வால் பறவை இன்னும் வரலையா?" என்று கேட்க. அதே பித்துப் பிடித்தவர் கேட்கும் ஒரு கேள்வி, பிடிக்காதவர்களின் பத்துப் பாராட்டுக்குச் சமம்.

ஆசிரியர் தேடுவதென்றால், வளர்ந்தவர்களுக்குக் கற்பித்த பழக்கம் உள்ளவரா என்று முதலிலேயே கேளுங்கள். குழந்தைக்குச் சொல்வது போல "செய், ஏன் என்று கேட்காதே" என்பவரிடம் பெரியவர்கள் நிலைப்பதில்லை. வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டி வந்தால் உட்காருங்கள். அவர்கள் உங்களைப் பற்றி நினைப்பது ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்காது.

கவனிப்பது, எண்ணுவது, வகைப்படுத்துவது போன்ற ஆசை உள்ளவர்களுக்கு இந்தக் காலத்தில் ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. அறிவியலுக்கு அவர்கள் தேவைப்படுகிறார்கள். 1911-ல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம், ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைப் பற்றி உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அனுப்பும் அளவீடுகளைச் சேர்த்துவைக்கிறது. 2002-ல் வந்த இ-பேர்ட் தளத்தில் யாரும் தாம் பார்த்த பறவைகளைப் பதியலாம். ஆய்வாளர்கள் அந்தத் தரவைப் பயன்படுத்துகிறார்கள். ரஷ்யாவில் பிறந்த எழுத்தாளர் விளாதிமீர் நபக்கோவ் ஏழு வயதில் வண்ணத்துப்பூச்சி பிடிக்கத் தொடங்கியவர். புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு ஓடி, தேசம் தேசமாக அலைந்தபோதும் அதை விடவில்லை. 1940-களில் ஹார்வர்டின் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பூச்சிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஒரு வகை நீலப் பூச்சிகள் ஆசியாவிலிருந்து அலை அலையாக அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தவை என்று 1945-ல் எழுதினார். அவர் மறைந்து பல வருடம் கழித்து, 2011-ல் வெளியான மரபணு ஆய்வு அது சரி என்று காட்டியது.

படி 9: இடைவெளி விழும்போது

விழும். குழந்தை பிறப்பு, நோய், வேலை மாற்றம், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்று மாதங்களோ வருடங்களோ கூடப் போகலாம். அப்போது ஒழுங்காக நிறுத்திவைப்பது ஒரு வேலை. அதைச் செய்யாததால்தான் தற்காலிக நிறுத்தம் நிரந்தரமாகிறது.

நிறுத்தும் அன்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எங்கே நிற்கிறேன், எது வரவில்லை, அடுத்து என்ன செய்ய நினைத்தேன். திரும்பி வருபவருக்கு அது நீட்டிய கை. பொருளையும் அதன் முறைப்படி மூடுங்கள். வயலின் வில்லின் மயிரைத் தளர்த்தி வையுங்கள். தூரிகையைக் கழுவி, முடி வளையாமல் காயவையுங்கள். கருவிகளிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். லென்ஸை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மூங்கில் குழலை வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் வையுங்கள். கெட்டுப்போன பொருள் திரும்பி வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

குவீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே 1970-ல் வான் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். சூரிய மண்டலத்தில் பரவியிருக்கும் தூசி அவர் பொருள். விண்மீன்களும் கிதாரும் இரண்டுமே சிறுவயதுப் பித்துகள். 1974-ல் குழு பிரபலமாக, ஆய்வை நிறுத்தினார். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அதே தலைப்பை எடுத்து, இடையில் வந்த ஆய்வுகளையெல்லாம் படித்துச் சேர்த்து, 2007-ல் பட்டம் வாங்கினார். திரும்பும்போது அவரும் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கினார். நீங்களும் படி 3-க்குப் போய் அங்கிருந்து வாருங்கள். இரண்டாவது முறை அது சீக்கிரம் கடந்துவிடும்.

படி 10: உண்மையாகவே முடிந்துவிட்டதென்றால்

சில ஆசைகள் முடிந்தும் போகும். நாலைந்து மாதம் நேர்மையாக முயன்றும், பதற்றமும் ஒப்பீடும் இல்லாத நிலையிலும், செயலில் சுவையே இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள். நோட்டில் எழுதிய அந்த வாக்கியத்தை வேறு எங்கேனும் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறீர்களா? தபால்தலையைப் பிரித்து அடுக்கியவர் இன்று ஆவணக் காப்பகத்தில் மகிழ்ச்சியாக வேலை செய்கிறார் என்றால், அவருக்கு ஆல்பம் தேவைப்படாமல் போனதில் வியப்பில்லை. அவர் எதையும் இழக்கவில்லை.

அப்படி முடிந்தது உறுதியானால் பொருட்களைக் கொடுத்துவிடுங்கள். ஞாபகத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை, அதற்காக ஏங்கும் ஒரு பிள்ளைக்கோ, திரும்பத் தொடங்க நினைக்கும் ஒரு பெரியவருக்கோ. வண்ணக் குழாய் இறுகுவதற்குள், மூங்கில் வெடிப்பதற்குள், கம்பி துருப்பிடிப்பதற்குள் கொடுங்கள். உதிரிப் பொருட்களும் பயிற்சிப் புத்தகமும் சேர்த்துக் கொடுங்கள். முதல் இரண்டு பாடம் சொல்லித்தர நேரமிருந்தால் அதையும் கொடுங்கள். உங்கள் பிள்ளைக்கே கொடுப்பதாக இருந்தால், எடுத்தாக வேண்டும் என்று சொல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.